நஸீபு என்னும் சாக்கு

இரட்டைக் குழந்தை என்று ஸ்கேனில் தெரிந்த நாளில் நம் வீடுகளில் எழும் மகிழ்ச்சி பெரிது. வளைகுடாவில் இருக்கும் தகப்பனுக்கு அந்த நிமிடமே செய்தி போகிறது. அண்டை வீடுகளுக்கு இனிப்புப் போகிறது. அதே வீட்டில், ஏழாம் மாத முடிவில் தாய்க்கு இரத்த அழுத்தம் ஏறி, ஒன்றரைக் கிலோகூட இல்லாத இரு குழந்தைகள் அவசரமாகப் பிறந்து, ஒன்று கண்ணாடிப் பெட்டியிலும் மற்றொன்று மையவாடியிலும் வைக்கப்படும்போது, எல்லார் வாயிலும் ஒரே சொல்தான்: "நஸீபு அவ்வளவுதான்."

நடப்பவை யாவும் அல்லாஹ்வின் நாட்டப்படியே நடக்கின்றன. எல்லா முயற்சியும் செய்த பின்னும் குழந்தை தங்காமல் போகும்போது தாயையும் தகப்பனையும் தாங்கி நிற்பது இந்த நம்பிக்கையே. அதைக் குறித்து நமக்கு ஐயமில்லை. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டவர்கள், அதை மறைக்கத் தக்தீரை எடுத்துப் போர்த்திக்கொள்கிறார்களே, அதைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

இரட்டைக் கரு சாதாரணக் கர்ப்பம் அன்று. உலகெங்கும் இரட்டைக் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவை 37 வாரம் நிறையும் முன்பே பிறக்கின்றன. தாய்க்கு இரத்த அழுத்தம் ஏறும் வாய்ப்பும் ஒற்றைக் கருவைவிட அதிகம். இரு குழந்தைகளும் ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்ந்துகொண்டால், ஒன்றின் இரத்தம் மற்றொன்றுக்குப் போய் இரண்டுமே ஆபத்துக்குள்ளாகலாம். அதனால்தான் அத்தகைய கருவை 16ஆம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும் என்கிறது மருத்துவம். நஞ்சு ஒன்றா இரண்டா என்பது முதல் மூன்று மாதத்து ஸ்கேனில்தான் மிகத் தெளிவாகத் தெரியும். ஆணா பெண்ணா என்று அறியத் துடிக்கும் எத்தனை பேர் இந்தக் கேள்வியை மருத்துவரிடம் கேட்டிருக்கிறார்கள்?

அடுத்து, ஆபத்தின் அறிகுறிகள். விடாத தலைவலி, கண் மங்குதல், முகமும் கைகளும் திடீரென வீங்குதல், மேல்வயிற்றில் வலி, இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல். இவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நம் வீடுகளில் நடப்பது என்ன? கண்ணேறு என்கிறார் ஒருவர். ஹஜ்ரத்திடம் தண்ணீர் ஓதி வாங்கி வரச் சொல்கிறார் மற்றொருவர். மாமி வந்து பார்க்கட்டும், மாப்பிள்ளையிடம் போனில் கேட்போம், நாளைக்குப் பெண் டாக்டர் வருவார் என்று இரவு கழிகிறது. ஓதிப் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. ஆம்புலன்ஸில் உட்கார்ந்தும் ஓதலாம். பெண் மருத்துவர் இல்லாத நேரத்தில், உயிர் காக்கும் அவசியத்துக்காக ஆண் மருத்துவர் பார்ப்பதை மார்க்கம் அனுமதிக்கிறது என்பதை அறியாத ஆலிம் எவருமில்லை.

அந்த ஓர் இரவின் விலை என்ன? குறைமாதத்தில் பிரசவம் நேரும் எனத் தெரிந்தால், குழந்தையின் நுரையீரல் விரைவாக முதிர்வதற்குத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் லிக்கின்ஸ், ஹோவி என்னும் இரு மருத்துவர்கள் இதன் பயனை 1972இல் நிறுவினர். விலை மிகக் குறைந்த மருந்து இது. ஆனால் அதன் முழுப் பலன் கிடைக்க, ஊசி போட்டதற்கும் பிரசவத்துக்கும் இடையே ஒரு நாளாவது வேண்டும். நாம் ஆலோசனையில் கழித்த இரவு, அந்தக் குழந்தைகளின் மூச்சுக்குத் தேவைப்பட்ட இரவாக இருக்கக்கூடும். அதற்குப் பிறகு எத்தனை இலட்சம் செலவழித்தாலும் அது திரும்பி வராது.

ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டலாமா என்று வினவியவருக்கு, முதலில் கட்டு, பிறகு தவக்குல் வை என்று வழிகாட்டினார்கள் நபி (ஸல்) அவர்கள். சிரியாவில் கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்து உமர் (ரலி) அவர்கள் வழியிலேயே திரும்ப முடிவெடுத்தபோது, அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என அபூஉபைதா (ரலி) கேட்டார்கள். ஆம், அவன் விதித்த ஒன்றிலிருந்து அவன் விதித்த மற்றொன்றை நோக்கியே போகிறோம் என்னும் கருத்தில் பதில் தந்தார்கள் உமர் (ரலி). நோயும் விதி, மருந்தும் விதி. மருந்தை விட்டுவிட்டு நோயை மட்டும் விதி என்பவர், தக்தீரில் பாதியைத்தான் நம்புகிறார்.

பேறுகாலத்தில் இறக்கும் பெண் ஷஹீத் அல்லவா என்று சிலர் கேட்பார்கள். அந்த நற்செய்தி உண்மையே. அது அவளை இழந்தவர்களுக்கு இறைவன் தந்த ஆறுதல். அவளைக் காக்கக் கடமைப்பட்டவர்களுக்குத் தந்த விடுப்புச் சீட்டாக அதை ஆக்கலாகாது. போர்க்களத்தில் இறப்பவரும் ஷஹீதுதான்; அதற்காக எந்தத் தளபதியும் தன் வீரர்களைக் கேடயமின்றி அனுப்புவதில்லை.

குழந்தைகள் பிறந்த பின்னும் இந்தச் சாக்கு ஓய்வதில்லை. ஏழாம் மாதத்தில் பிறந்தால் பிழைக்கும், எட்டாம் மாதத்தில் பிறந்தால் தங்காது என்று நம் பாட்டிமார் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். இது குர்ஆனில் இல்லை, ஹதீஸிலும் இல்லை. இஸ்லாத்துக்குப் பல நூற்றாண்டுகள் முந்திய கிரேக்க மருத்துவத்தில் இருந்த நம்பிக்கை இது. ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் நூல்களுள் எட்டாம் மாதக் குழந்தையைப் பற்றித் தனி நூலே உண்டு. உண்மையோ இதற்கு நேர்மாறானது: கருவில் கூடுதலாகக் கழியும் ஒவ்வொரு வாரமும் பிழைக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது. நல்ல சிகிச்சை கிடைத்தால், 28 வாரத்துக்குப் பின் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவை பிழைக்கின்றன. இந்த மூடநம்பிக்கையை நம்பி, எப்படியும் தங்காத பிள்ளைக்கு எதற்குச் செலவு என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் குழந்தையை வீட்டுக்குத் தூக்கி வருவது பொறுமை ஆகாது. ஓர் அமானிதத்தைக் கைவிடுவது அது.

தாயை நாற்பது நாள் அறைக்குள் இருத்தி, குழந்தையை மட்டும் மருத்துவமனையில் விடுவதும் அப்படியே. நிஃபாஸ் தொழுகை, நோன்பு போன்றவற்றைத்தான் தடுக்கிறது. தன் குழந்தையிடம் போவதைத் தடுக்கவில்லை. எடை குறைந்த குழந்தையைத் தாயின் மார்போடு தோலோடு தோலாக அணைத்து வைக்கும் கங்காரு முறை, 1970களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் தொடங்கி இன்று உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. தகப்பனும் அவ்வாறு அணைக்கலாம். தாய் கறந்து தரும் பாலைப் போன்ற மருந்து அக்குழந்தைக்கு வேறில்லை. தாய்ப்பால் வங்கியின் பாலைப் பெறும் நிலை வந்தால், பால்குடி உறவு குறித்த கேள்வி எழும். ஜித்தாவின் சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி 1985இல் அவ்வங்கிகளை ஏற்கவில்லை. யூசுஃப் அல்கர்ளாவி போன்றோர் அனுமதித்தனர். இதைத் தம் மத்ஹபை அறிந்த ஆலிமிடம் ஏழாம் மாதத்துக்கு முன்பே கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். நள்ளிரவில், பசித்த குழந்தையின் முன் நின்றுகொண்டு விவாதிக்கும் விஷயம் அன்று அது. மிகச் சீக்கிரம் பிறந்த குழந்தைகளுக்கு நான்காம் வார அளவில் கண்ணின் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். அதைத் தவறவிட்டால், பிழைத்த குழந்தை பார்வையை இழக்க நேரலாம்.

இவ்வளவுக்கும் பிறகு, இறுதிப் பழி தாயின் தலையில் விழுகிறது. அவள் படியேறினாள், அவள் காலடி சரியில்லை, அவள் ராசி அப்படி. சகுனம் பார்ப்பதை நபி (ஸல்) அவர்கள் அடியோடு மறுத்திருக்க, தொழுகையாளிகளின் வீட்டில் இந்தப் பேச்சு எப்படி நுழைந்தது? தக்தீரைச் சொல்லித் தம் தாமதத்தை மன்னித்துக்கொள்பவர்கள், அதே தக்தீரை அந்தப் பெண்ணுக்குச் சொல்ல ஏன் மறக்கிறார்கள்? நஸீபு என்பது வீட்டாருக்கு ஒரு நீதியும் மருமகளுக்கு வேறொரு நீதியும் தருவதா?

கணவன்மாரிடம் நாம் கேட்பது ஒன்றே. எந்த நேரமானாலும் என்னைக் கேட்காமல் மருத்துவமனைக்குப் போ என்று இன்றே மனைவியிடமும் உங்கள் பெற்றோரிடமும் சொல்லிவிடுங்கள். 108 என்ற எண் எல்லார் கைப்பேசியிலும் இருக்கட்டும். பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு எந்த மருத்துவமனையில் உண்டு என்பதை ஆறாம் மாதத்திலேயே விசாரித்து வையுங்கள். ஜமாஅத் நிர்வாகிகளே, மஹல்லாவின் இரத்தக் கொடையாளர் பட்டியலைத் தயாரியுங்கள். இமாம்களே, ஒரு ஜும்ஆ பயானையாவது இதற்கு ஒதுக்குங்கள்.

கட்ட வேண்டிய ஒட்டகத்தைக் கட்டிவிட்டு, அதன் பின்னும் இழப்பு நேர்ந்தால், அப்போது நஸீபு என்று சொல்லுங்கள். அந்தச் சொல்லுக்கு அன்றுதான் ஈமானின் கனம் இருக்கும். அல்லாஹ் நம் தாய்மாரையும் குழந்தைகளையும் காத்தருள்வானாக. அவர்கள் விஷயத்தில் நம் மீதுள்ள அமானிதத்தை நிறைவேற்றும் நல்லறிவை நமக்குத் தருவானாக. ஆமீன்.