இருக்குமிடம் யாருக்குத் தெரியலாம்?

1799 ஏப்ரல். ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட வந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் ஒரு பிரிவு, ஜெனரல் டேவிட் பெயர்டின் தலைமையில் சுல்தான்பேட்டைத் தோப்பை இருட்டில் துழாவிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. உடன் வந்த வில்லியம் லாம்டன் என்ற அதிகாரி விண்மீன்களைப் பார்த்துவிட்டு, படை தெற்கே போகவில்லை, வடக்கே திப்பு சுல்தானின் அணிகளை நோக்கிப் போகிறது என்றார். தனக்கு வழி தெரியும், நட்சத்திரம் பார்க்கத் தேவையில்லை என்று பெயர்ட் முதலில் ஒதுக்கிவிட்டார். பிறகு திசைகாட்டியை எடுத்துப் பார்த்தார். லாம்டன் சொன்னதுதான் சரி. படை திரும்பியது.

இருக்குமிடத்தை அறிவது அன்று உயிர் காத்த கல்வி. திப்பு வீழ்ந்ததும் அதுவே ஆட்சி நடத்தும் கல்வியாயிற்று. மைசூர்ச் சீமையை அளக்கும் பொறுப்பு காலின் மெக்கன்சியிடம் வந்தது. லாம்டன் அதையும் தாண்டி, தீபகற்பம் முழுவதையும் முக்கோணங்களால் பின்னும் திட்டத்தை முன்வைத்தார். 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு அளக்கும் வேலை தொடங்கியது. இடம் தெரிந்த இரண்டு புள்ளிகளில் நின்று மூன்றாவது புள்ளியின் கோணத்தைப் பார்த்தால், இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடமே அந்தப் புள்ளி. இதற்காக அவர் சுமந்து திரிந்த தியோடலைட் ஏறக்குறைய அரை டன் எடை. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதியது. வாரக்கணக்கில் உட்கார்ந்து லாம்டனே அதைச் சீர்செய்தார்.

அந்தக் கருவியைத் தூக்க ஆட்களும், மலையேற அனுமதியும், செலவுக்கு அரசாங்கமும் வேண்டியிருந்தன. ஊருக்குள் சர்வே கூடாரம் வந்தால் குடியானவனுக்குத் தெரியும். அளப்பவர் யார், அவருக்குப் பின்னால் இருப்பவர் யார் என்பதும் தெரியும். நிலவரி கூடும் என்று அவன் அஞ்சியிருக்கலாம். ஆனால் தெரியாமல் அளக்கப்படவில்லை. கடந்த இருநூறு ஆண்டுகளில் இடமறியும் கலை படிப்படியாக எடை குறைந்து, விலை குறைந்து, கண்ணுக்கே தெரியாமல் போய்விட்டது. அதற்கு ஈடாக நாம் எதைக் கட்டியெழுப்பினோம் என்று கேட்க மைசூரைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. இந்தக் கதையின் பல படிகள் அந்த ஊரிலும் அதைச் சுற்றியுமே நடந்திருக்கின்றன.

மைசூர் மகாராஜா கல்லூரியில் உளவியல் கற்பித்த பேராசிரியர் எம். வி. கோபாலசாமி 1935 செப்டம்பர் 10 அன்று தம் வீட்டிலிருந்தே ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கினார். டிரான்ஸ்மிட்டரின் சக்தி 30 வாட். ஆகாசவாணி என்று அவர் நிலையத்துக்கு வைத்த பெயரைத்தான் பின்னாளில் இந்திய வானொலி முழுவதும் ஏற்றுக்கொண்டது. அந்த வானொலியில் ஒரு நல்ல குணம் இருந்தது. பேசுபவர் இருக்குமிடம் எல்லோருக்கும் தெரியும், கேட்பவர் இருக்குமிடம் யாருக்கும் தெரியாது. ரேடியோப் பெட்டி வைத்திருக்க 1933ஆம் ஆண்டின் சட்டப்படி லைசென்ஸ் எடுத்து, தபாலாபீசில் பணம் கட்ட வேண்டியிருந்தது உண்மை. ஆனால் எந்த வீட்டில், எந்த அறையில், எந்த நிலையத்தை யார் கேட்கிறார்கள் என்பதை அந்தப் பெட்டி யாருக்கும் சொல்லவில்லை. அது கேட்க மட்டுமே தெரிந்த கருவி.

கருவியே அலையை அனுப்பினால் என்ன ஆகும் என்பதை நாகரஹொளே காடு காட்டியது. 1990 வாக்கில் புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் அங்கே புலிகளுக்கு ரேடியோ கழுத்துப்பட்டை அணிவித்தார். பட்டை விட்டுவிட்டு ஒரு துடிப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆய்வாளர் திசை பார்க்கும் ஆண்டெனாவைச் சுழற்றி, ஒலி எந்தப் பக்கம் ஓங்குகிறது என்று குறித்துக்கொள்வார். வேறோர் இடத்துக்குப் போய் மறுபடி குறிப்பார். வரைபடத்தில் கோடுகள் வெட்டும் இடத்தில் புலி இருக்கும். லாம்டனின் அதே முக்கோணம்தான். புலியின் எல்லை, அது நடமாடும் நேரம், அதற்கு வேண்டிய காட்டின் அளவு எல்லாம் இப்படித்தான் தெரியவந்தன. காட்டைக் காக்க அந்த அறிவு உதவியது. ஆனாலும் பட்டை கட்டப்பட்டது புலிக்குத் தெரியாது, அதன் சம்மதத்தைக் கேட்க வழியும் இல்லை.

அடுத்த படி கட்டடத்துக்குள் நடந்தது. 2000ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த பரம்வீர் பால், வெங்கட பத்மநாபன் இருவரும் ரேடார் என்ற பெயரில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு மாடியில் மூன்று வயர்லெஸ் நிலையங்கள். லேப்டாப் எங்கே இருந்தால் எந்த நிலையத்தின் சிக்னல் எவ்வளவு பலமாக இருக்கும் என்று முதலிலேயே அட்டவணை போட்டுக்கொண்டார்கள். பிறகு சிக்னலின் பலத்தை மட்டும் பார்த்து ஆள் இருக்கும் இடத்தைச் சுமார் 2 முதல் 3 மீட்டர் பிழைக்குள் சொல்ல முடிந்தது. கோணமும் வேண்டாம், தனிக் கருவியும் வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் வைஃபை போதும்.

அந்த வைஃபை மைசூருக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. 2004இல் நகரம் முழுவதும் வைஃபை என்ற திட்டம் வந்தபோது, நாட்டின் முதல் வைஃபை நகரம் என்று பத்திரிகைகள் எழுதின. 2005 ஜனவரியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று மத்திய அரசு அறிவித்தது. அதற்குப் பிறகு ரவுட்டர் இல்லாத தெரு இல்லை.

இன்று தேவராஜா மார்க்கெட் பக்கம் ஒரு கடை மாடியில் உட்கார்ந்து, லினக்ஸ் லேப்டாப்பில் டெர்மினலைத் திறந்து ஒரே ஒரு வரி தட்டினால் போதும். கறுப்புத் திரையில் சுற்றுவட்டாரத்து ரவுட்டர்கள் வரிசையாக இறங்கும். ஒவ்வொன்றுக்கும் 12 எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு முகவரி, ஒரு பெயர், ஒரு மைனஸ் எண். அந்த எண் -30 என்றால் ரவுட்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. -90 என்றால் சிக்னல் அறுந்துபோகும் நிலை. லேப்டாப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் எண் -80, -65, -48 என்று ஏறிக்கொண்டே வரும். ஏறும் பக்கம் போனால் கருவி கிடைக்கும். நடுவே ஒரு கருங்கல் சுவரோ கூட்டமோ வந்தால் எண் சட்டென்று விழும், ஏனென்றால் மனித உடம்பில் உள்ள நீரும் இந்த அலையை உறிஞ்சும். 2001இல் மைக் கெர்ஷா எழுதத் தொடங்கிய கிஸ்மெட் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் இன்னும் ஒரு படி மேலே போகும். தாமாக எதையும் அனுப்பாமல், காற்றில் போவதைக் கேட்டே எந்த போன் எந்த ரவுட்டரோடு பேசுகிறது என்று பட்டியல் போட்டுவிடும்.

பழைய போன்கள் இதற்கு வாரி வழங்கின. தசராவுக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்தவரின் பையில் இருக்கும் போன், பழகிய நெட்வொர்க் பக்கத்தில் இருக்கிறதா என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். வீட்டு ரவுட்டரின் பெயர், ஆபீஸ் ரவுட்டரின் பெயர், போன மாதம் தங்கிய லாட்ஜின் பெயர். காதுள்ளவர் எவரும் கேட்கலாம். 2014இல் ஆப்பிளும், 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10உம் போனின் முகவரியை அடிக்கடி மாற்றிக்காட்டும் ஏற்பாட்டைப் பரவலாக்கிய பிறகே நிலைமை ஓரளவு மாறியது.

கிஸ்மெட் போன்ற மென்பொருளைத் தடைசெய்ய வேண்டும் என்று சிலர் சொல்லக்கூடும். அது தவறு. லாட்ஜ் அறையில் யாரோ ஒளித்துவைத்த வைஃபை கேமராவையும், ஆபீசில் திருட்டுத்தனமாக மாட்டிய ரவுட்டரையும் கண்டுபிடிக்கத் துணைநிற்பது இதே கருவிதான். அதைவிட முக்கியமாக, நம் போன் காற்றில் என்ன பேசுகிறது என்பதை நம் கண்ணுக்குக் காட்டுவதும் இதுவே. கட்டளை வரியில் தெரிவது ஒரு தெருவின் பட்டியல். உலகத்தின் பட்டியல் பெரிய நிறுவனங்களிடம் இருக்கிறது. எந்த ரவுட்டர் எந்த அட்சரேகையில், எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறது என்று நம் போன்களே அவர்களுக்குச் சேகரித்துக் கொடுக்கின்றன. ஸ்ட்ரீட் வியூ கார்கள் வீதிகளில் போகும்போது பூட்டில்லாத வைஃபைகளில் ஓடிய செய்தித் துணுக்குகளையும் சேர்த்துவிட்டதாக கூகுள் 2010இல் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. ரவுட்டர் பெயரின் கடைசியில் ஓர் அடிக்கோடும் நோமேப் என்ற ஆங்கிலச் சொல்லும் சேர்த்தால் தங்கள் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவதாக கூகுளும் ஆப்பிளும் சொல்கின்றன. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பொதுமக்கள் சேர்ந்து உருவாக்கிய பட்டியலை வைத்திருந்த மொசில்லாவின் சேவையும் 2024இல் மூடப்பட்டது. பட்டியல் பொதுக் கையிலிருந்து நழுவி, தனியார் கையில் இன்னும் இறுகியிருக்கிறது.

இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது என்ற கேள்வியும் மைசூருக்கே திரும்புகிறது. கோபாலசாமி பாடம் நடத்திய அதே மகாராஜா கல்லூரியில் படித்தவர் கே. எஸ். புட்டசாமி. கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்றவர், 2012இல் தம் 86ஆம் வயதில் ஆதாருக்கு எதிராக உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ள அந்தச் சட்டத்திலேயே வழி வைத்திருக்கிறது. முதியவர் ஒருவர் வழக்காடிப் பெற்றுத்தந்த உரிமையில் அது பெரிய ஓட்டை.

செய்ய வேண்டியவை மூன்று. பொறியியல் கல்லூரிகள் இந்தக் கருவிகளை மறைக்காமல் கற்பிக்கட்டும். மாணவர் முதலில் தேடிக் கண்டுபிடிப்பது அவருடைய சொந்த போனாகவும், சம்மதம் தந்த நண்பரின் போனாகவும் இருக்கட்டும். ரயில் நிலையத்திலும் பேருந்து நிலையத்திலும் இலவச வைஃபை தரும் அமைப்புகள், எந்தக் கருவி எப்போது எங்கே வந்தது என்ற பதிவை எத்தனை நாள் வைத்திருக்கின்றன, யாருக்குக் கொடுக்கின்றன என்பதைப் பலகையில் எழுதி வைக்கட்டும். இருக்குமிடத் தகவலைக் கோரும் அரசு அமைப்பு, சுதந்திரமான ஓர் அதிகாரியிடம் எழுத்தில் காரணம் சொல்லி அனுமதி பெறட்டும்.

லாம்டன் காலத்தில் கருவியின் கனமே ஒரு கட்டுப்பாடாக இருந்தது. அரை டன்னை யாருக்கும் தெரியாமல் தூக்கிப்போக முடியாது. இன்று கருவிக்கு எடையே இல்லை. அதனால் அந்தக் கட்டுப்பாட்டைச் சட்டமும் கல்வியும்தான் சுமக்க வேண்டும். ஒருவர் இருக்கும் இடம் மற்றவருக்குத் தெரிவதில் தவறில்லை. தெரிந்துகொள்பவர் யார், எதற்காக என்பது அந்த ஒருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் வழியும் அவர் கையில் இருக்க வேண்டும். புலியிடம் கேட்க முடியவில்லை. மனிதரிடம் கேட்க முடியும், கேட்டே ஆக வேண்டும்.