மலைநாட்டு மக்களுக்கு ஒரு விண்ணப்பம்

மகாஜனங்களே,

உதகமண்டலத்திலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் வசிக்கும் நாங்கள், சமுத்திரத்துக்கு வெகு தூரத்திலே குடியிருப்பினும், இம்மலையில் தோன்றும் குன்னூர் ஆறும் மாயாறும் பவானியிற் கலந்து, கூடுதுறையில் காவிரியைச் சேர்ந்து, கல்லணையில் பிரியும் வெண்ணாற்றின் கிளைகள் வழியே முத்துப்பேட்டையில் பாக் விரிகுடாவை அடைகின்றன என்பதை நினைவூட்டி, அவ்விடத்தில் வளரும் மீன்குஞ்சுகளின் பொருட்டு இவ்விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கிறோம்.

அவ்விரிகுடாவின் ஆழமற்ற பகுதிகளில் பரந்திருக்கும் கடற்புல், பாசி இனத்தைச் சேர்ந்ததன்று. வேரும் பூவும் விதையும் உடைய தாவரம். ஓரா, விளமீன், இறால் முதலியவற்றின் குஞ்சுகளுக்கு அதுவே தொட்டில். விரற்கடை அளவேயுள்ள ஓராக் குஞ்சு, பகை நெருங்குகையில் புல்லிதழ்களின் நடுவே அசைவற்று நின்று, தன் உடலின் புள்ளிகள் புல்லின் நிழலோடு கலந்துவிடத் தப்பிப் பிழைக்கிறது. இதழ்களின்மேல் படியும் நுண்பாசி முதலியவை அதற்கு ஆகாரம்.

அக்குஞ்சின் ஆயுள், அதைச் சூழ்ந்த ஜலத்தின் தன்மையைப் பொறுத்தது. ஜலம் கலங்கினால் சூரிய ஒளி அடித்தரைக்கு எட்டாமல் புல் நலிகிறது. உரச்சத்து மிகுந்தால் இதழ்களின்மேல் பாசி படர்ந்து, எஞ்சிய ஒளியையும் மறைக்கிறது. வெப்பம் ஏறினால் குஞ்சுக்குப் பிராணவாயுவின் தேவை அதிகரிக்கும் அதே வேளையில், நீரில் கரைந்துள்ள பிராணவாயு குறைகிறது. புல் அடர்த்தி குன்றிய இடத்தில் ஒளியவும் இடமில்லை, உண்ணவும் இரையில்லை.

இப்புல்லை மேய்ந்து வாழும் கடற்பசுவின் நலங்கருதி 2022-ஆம் ஆண்டில் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழக அரசு பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் கடற்பசுவுக்கென அமைந்த முதல் பாதுகாப்பகம் அதுவே. ஆயினும் கடலில் வகுத்த எல்லை, ஆறு கொண்டுவருவதைத் தடுக்க வல்லதன்று. மலையிலிருந்து இறங்கும் வண்டலின் பெரும்பகுதியைப் பவானிசாகர் அணை தேக்கிக்கொள்வது மெய். டெல்டாவின் வயல்களும் பட்டணங்களும் தத்தம் பங்கைச் சேர்ப்பதும் மெய். ஆனால் நீரில் கரைந்த உரத்தை எந்த மதகும் பிரித்தெடுப்பதில்லை; பிறர் பங்கைச் சுட்டி நம் பங்கை மறைப்பது தர்மமும் ஆகாது.

கேத்தி பாலாடாவில் காரட் கழுவிய செந்நீர் ஓடையில் இறங்குவதையும், மழைக்காலத்தில் சரிவான உருளைக்கிழங்குக் காடுகளின் மேல்மண் உரத்தோடு கரைந்து போவதையும் நாம் அனைவரும் கண்டிருக்கிறோம்.

ஆகையால் விவசாயப் பெருமக்கள் சரிவுக்குக் குறுக்கே வரப்பிட்டுப் பயிரிடவும், பெருமழையை எதிர்நோக்கும் நாட்களில் உரமிடாதிருக்கவும் வேண்டுகிறோம். காய்கறி வியாபாரிகள், கழுவிய நீரைக் குழிகளில் தெளியவிட்டு, மண்ணைத் தோட்டத்துக்கே திருப்பித் தருவார்களாக. தேயிலைத் தோட்ட உரிமையாளர்கள் ஓடைக்கரைச் சோலை மரங்களையும் புல்லையும் வெட்டாது காப்பார்களாக. நகரவாசிகளும் சுற்றுலா வருவோரும் குப்பையையும் பிளாஸ்டிக் பொருள்களையும் ஓடைகளில் எறியாதிருப்பார்களாக.

இவை கடலுக்கு நாம் இடும் தானமல்ல; மண் தங்கினால் நம் விளைச்சல் தங்கும், ஓடை தெளிந்தால் நம் குடிநீர் தெளியும். பாக் விரிகுடாவின் மீனவக் குடும்பங்களுக்கு நாம் செலுத்த வேண்டிய கடமையும் அதிலேயே நிறைவேறும். வரும் மழைக்கு முன்பே இதைத் தொடங்குமாறு உங்களைப் பணிவுடன் வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
நீலகிரி வாழ் குடிமக்கள் சிலர்