ஏலச்சீட்டும் லக்ராஞ்சியும்

முதுகலையில் நுண்பொருளியல் கோட்பாட்டைக் கற்பிப்போரிடம் அடிக்கடி கேட்கும் குறை ஒன்றுண்டு: 'இந்தப் பிள்ளைகளுக்குக் கணிதம் வராது.' பழனி மலையடிவாரத்துப் பாலசமுத்திரம் போன்ற ஊர்களிலிருந்து, இளங்கலை வரை தமிழிலேயே படித்துவிட்டு வருபவர்களைப் பற்றித்தான் பெரும்பாலும் இப்படிச் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

மாதம் 5,000 ரூபாய் வீதம் 20 பேர் சேர்ந்த ஏலச்சீட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் மாதம் ஒருவர் 25,000 தள்ளி, 75,000 ரூபாய்க்குச் சீட்டை எடுக்கிறார். தள்ளிய தொகை, நடத்துபவரின் கமிஷன் போக, உறுப்பினர்களுக்குப் பகிரப்படுகிறது. இன்றைய அவசரத்துக்கு என்ன விலை கொடுக்கலாம், எதிரில் இருப்பவர் எதுவரை தள்ளுவார், இன்னும் 17 தவணைகளை எப்படிக் கட்டுவது என்று மனக்கணக்குப் போடும் வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கா கணிதம் வராது? வராமற்போவது, குறியீடுகள் எதைக் குறிக்கின்றன என்று யாரும் சொல்லாத கணிதம்.

இதே சீட்டைத்தான் டிமோதி பெஸ்லி, ஸ்டீபன் கோட், கிளென் லவுரி ஆகியோர் 1993இல் 'அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ' இதழில் கோட்பாடாக்கினார்கள். குலுக்கலா, ஏலமா, எது நல்லது என்பது அவர்கள் கேள்வி. உறுப்பினர்களின் விருப்பங்கள் ஒன்றுபோல் இருந்தால், சில நியாயமான எடுகோள்களின் கீழ், குலுக்கலே மேல்; விருப்பங்கள் வேறுபட்டால் அம்முடிவு நிற்க வேண்டியதில்லை. நம் ஊர்த் திண்ணையில் பேசித் தீராத வழக்கு இது. நம் முதுகலை வகுப்புகளில் இக்கட்டுரையைப் படிக்கவைப்பவர் எத்தனை பேர்?

1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், வினாப்பட்டியலுடன் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். அதன் விளைவு 1918இல் நூலாயிற்று. அந்த மரபு களஆய்வோடு நின்றுவிட்டது. கோட்பாடு என்றால் இன்னும் நோட்ஸ்தான், மனப்பாடந்தான்.

உள்ளூர் உதாரணம் சொன்னால் போதும் என்று நான் வாதிடவில்லை. உதாரணத்தோடு நிறுத்திக்கொள்ளும் ஆசிரியர் மாணவரை இன்னொரு விதத்தில் ஏமாற்றுகிறார். நிறுவலை வரிவரியாகக் கரும்பலகையில் எழுத வேண்டும். லக்ராஞ்சிப் பெருக்கி என்பது, கையில் இன்னும் ஒரு ரூபாய் இருந்தால் எவ்வளவு பயன் கூடும் என்பதுதான் என்று தமிழில் சொல்ல வேண்டும். வாராவாரம் கணக்குகள் கொடுத்து, திருத்தி, திரும்பச் செய்யச் சொல்ல வேண்டும். இது நேரம் தின்னும் வேலை. நிரந்தரப் பணியில்லாமல் மணிக்கணக்குக்கு ஊதியம் பெறும் விரிவுரையாளரிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

ஆய்விதழ்கள் ஆங்கிலத்தில்தானே வருகின்றன என்பார்கள். எழுதுவது ஆங்கிலத்தில் இருக்கட்டும். ஐயம் கேட்பதற்கு மாணவருக்குத் தமிழ் வேண்டும். ஆங்கிலத்தில் கேட்கக் கூசியே பின்வரிசையில் இரண்டாண்டுகளைக் கழித்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

முதலில் சீட்டெடுத்தவர் ஏன் தொடர்ந்து கட்டுகிறார்? அந்த மூவரும் இதையும் ஆராய்ந்தார்கள். ஊரில் முகம்காட்ட முடியாத அவமானத்தை ஒரு செலவாகக் கொண்டு அதற்கு மாதிரி அமைக்கலாம். அந்தச் செலவு ஊரில் ஆளுக்கு ஆள் எப்படி வேறுபடும் என்பது, முதல் பருவத்திலேயே கொடுக்கத்தக்க நல்ல பயிற்சிக் கணக்கு.