மான் கறியும் காரீயக் குண்டும்



டிசம்பர் பிறந்தால் நியூஜெர்சியில் ஆறு நாள் துப்பாக்கி மான் வேட்டை நடக்கும். நம்மில் வேட்டைக்குப் போகிறவர்கள் அபூர்வம். ஆனால் உடன் வேலை பார்ப்பவரோ பக்கத்து வீட்டுக்காரரோ "நானே சுட்டது" என்று அன்போடு ஒரு பொட்டலம் மான் கறி கொடுத்தால், மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்துச் சாப்பிடுபவர்கள் பிளெய்ன்ஸ்பரோவிலும் உண்டு. கறியில் குறையில்லை, கொழுப்பு குறைந்த நல்ல இறைச்சி. என் கவலையெல்லாம் அதில் பாய்ந்த குண்டைப் பற்றித்தான்.

மான் வேட்டைக்கு ஷாட்கன்னில் போடும் 'ஸ்லக்' எனும் பெரிய குண்டு காரீயமாகவும் இருக்கலாம், செம்பாகவும் இருக்கலாம் என்கிறது நமது மாநில விதி. காரீயம் மிருதுவானது. பாய்ந்ததும் சிதறி, கண்ணுக்குத் தெரியாத துகள்களாகக் கறியில் தங்கிவிடும். பாட்டி ரசம் வைத்த ஈயச் சொம்பு நினைவுக்கு வருகிறதா? அது வெள்ளீயம். இது காரீயம், வேறு உலோகம், நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இந்த அளவுவரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது.

2008-இல் வடக்கு டக்கோட்டாவில் டாக்டர் வில்லியம் கார்னட்சர், உணவு வங்கிகளுக்குத் தானமாக வந்த மான் கறிப் பொட்டலங்களை ஸ்கேன் செய்து பார்த்தார். பாதிக்கும் மேற்பட்டவற்றில் உலோகத் துகள்கள்! அதே ஆண்டு அங்கே 738 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில், வேட்டைக் கறி சாப்பிடுபவர்களுக்குக் காரீயம் சற்றே கூடுதலாக இருந்தது. அபாய அளவு என்று சொல்ல முடியாது. ஆனாலும் தவிர்க்கக்கூடிய நஞ்சுதானே?

ரைஃபிள் குண்டை விட ஸ்லக் குறைவாகச் சிதறும் என்று மின்னசோட்டா ஆய்வு காட்டியது. உண்மைதான். ஆனால் குறைவு என்பது இல்லை என்பதாகாது. கழுவினாலும் போகாது, துகள் மற்ற இடங்களுக்குப் பரவவும் கூடும்.

நீர்ப்பறவை வேட்டையில் காரீயக் குண்டுகளை அமெரிக்கா முழுவதும் 1991-இலேயே தடை செய்துவிட்டார்கள். கலிபோர்னியா 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் தடை விதித்தது. வாத்துக்கு ஆகாதது மானுக்கு மட்டும் எப்படி ஆகும்? செம்புக் குண்டு விலை அதிகம் என்பார்கள். ஒரு மானுக்கு எத்தனை குண்டு செலவாகிவிடும்?

நமக்குக் கறி கொடுப்பவரிடம் "எந்தக் குண்டு?" என்று நாம் கேட்டுவிடலாம். உணவு வங்கியில் வரிசையில் நிற்கும் தாய் யாரிடம் கேட்பாள்? அதனால்தான் இதை அவரவர் விருப்பத்துக்கு விடாமல் விதியாக்க வேண்டும் என்கிறேன். முதற்படியாக, தானம் செய்யும் கறிக்காவது செம்புக் குண்டு கட்டாயமாகட்டும். வேட்டை விதிகளை வகுப்பது நியூஜெர்சி ஃபிஷ் அண்ட் கேம் கவுன்சில். அவர்களுக்கு நாமும் எழுதலாமே!

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியவை: காரீயக் குண்டால் சுட்ட கறியைக் கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் கொடுக்காதீர்கள். காயத்தைச் சுற்றியுள்ள சதையைத் தாராளமாக வெட்டி எறியச் சொல்லுங்கள். கொத்துக்கறியில் துகள் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். நியூஜெர்சியில் 1 வயதிலும் 2 வயதிலும் குழந்தைகளுக்குக் காரீய இரத்தப் பரிசோதனை கட்டாயம், தவற விடாதீர்கள்.

அன்பாகக் கொடுப்பவரிடம் ஒரு கேள்வி கேட்பது மரியாதைக் குறைவல்ல. குழந்தையின் தட்டில் என்ன விழுகிறது என்று பார்ப்பது நம் கடமை.