சாதாரணக் கூட்டமாம்! யாருக்குச் சாதாரணம்?

"நகராட்சி மன்றத்தின் சாதாரணக் கூட்டம் நடைபெற்றது. கொண்டுவரப்பட்ட தீர்மானங்கள் அனைத்தும் நிறைவேறின." பத்திரிகையின் ஒரு மூலையில் அவ்வப்போது இப்படி இரண்டு வரி வருகிறது. முதல் ஷிப்டு முடிந்து டீக்கடை பெஞ்சில் உட்காரும் பஞ்சாலைத் தொழிலாளி அதைப் பார்க்கிறார், பக்கத்தைப் புரட்டுகிறார். ஏலத்தோட்டத்திலிருந்து பொழுது சாய்ந்த பிறகு ஜீப்பில் வந்து இறங்கும் கூலிப் பெண்ணுக்கு அதைப் பார்க்கவும் நேரமில்லை. "அது கவுன்சிலர்கள் சமாச்சாரம், நமக்கென்ன?" என்று இருவரும் இருந்துவிடுகிறார்கள்.

அப்படியே இருந்துவிட வேண்டும் என்பதுதான் காண்டிராக்டர்களின் ஆசை! அந்த இரண்டு வரிக்குள்தான் நமது குடிதண்ணீர் இருக்கிறது. தெரு கூட்டும் தொழிலாளியின் கூலி இருக்கிறது. சந்தையில் கூடை வைத்து விற்கும் பெண்ணின் தரை வாடகை இருக்கிறது. நாம் குடியிருக்கும் வீட்டின் வரி இருக்கிறது.

தேனி மாவட்டத்தில் நகராட்சிகள் ஆறு: தேனி அல்லிநகரம், பெரியகுளம், போடிநாயக்கனூர், சின்னமனூர், கம்பம், கூடலூர். பேரூராட்சிகள் 22. வைகைக் கரை முதல் லோயர் கேம்ப் மலையடிவாரம் வரை, இந்த மன்றங்களின் தீர்மானம் தொடாத உழைப்பாளி வீடு எத்தனை இருக்க முடியும்? ஆகவேதான் இந்தச் "சாதாரணக்" கூட்டங்களைப் பற்றி நாம் பேசியாக வேண்டும்.

அஜெண்டாவைப் பிரித்துப் பாருங்கள்!

எந்த நகராட்சியின் கூட்டப்பொருளை எடுத்தாலும் அதன் பாஷை ஒன்றுதான். "மன்றத்தின் பார்வைக்கும் முடிவிற்கும்" என்று ஒரு வரி. "அவசர அவசியம் கருதிச் செய்யப்பட்ட செலவினத்திற்கு மன்றத்தின் பின்னேற்பு" என்று இன்னொரு வரி. மோட்டார் பழுது, குழாய் உடைப்பு, தெருவிளக்கு, பேருந்து நிலையக் கழிப்பிட ஏலம், சைக்கிள் ஸ்டாண்டு குத்தகை, ஆடு அடிக்கும் தொட்டி, குப்பை வண்டி வாடகை, சுகாதாரப் பணிக்கு வெளி ஆள் எடுப்பு என்று ஐம்பது, அறுபது பொருள்கள் வரிசையாக வரும். "ஆல் பாஸ்!" என்று ஒரு குரல் எழும். டீயும் வடையும் வரும். கூட்டம் முடிந்தது.

பின்னேற்பு என்றால் என்ன? செலவு முடிந்துவிட்டது, பில் எழுதியாகிவிட்டது, இனிமேல்தான் சம்மதம் கேட்கிறார்கள் என்று அர்த்தம். நிஜமாகவே அவசரமான வேலைகள் உண்டு. குழாய் உடைந்தால் அடுத்த மாதக் கூட்டம் வரை காத்திருக்க முடியாது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் மாதா மாதம் பக்கம் பக்கமாக அவசரம் வருமானால் அது அவசரமல்ல, வழக்கம். கணக்குக் கேட்காத மன்றம் இருக்கும் இடத்தில்தான் அந்த வழக்கம் வேர் பிடிக்கும்.

மன்றமே இல்லாத காலம்

கேள்வி கேட்கக் கவுன்சிலரே இல்லாத காலத்தையும் நாம் பார்த்தோம். 2011 இல் தேர்ந்தெடுத்த மன்றங்களின் ஆயுள் 2016 அக்டோபரில் முடிந்தது. பழங்குடி மக்களுக்கான இட ஒதுக்கீட்டில் குறை இருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த மாதமே தேர்தல் அறிவிக்கையை ரத்து செய்தது. குறையைச் சில மாதத்தில் திருத்தியிருக்கலாம். திருத்தினார்களா? வார்டு மறுவரையறை என்றார்கள், வாய்தா மேல் வாய்தா வாங்கினார்கள். நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 இல்! ஐந்தாண்டுக்கு மேல் தனி அலுவலரின் கையெழுத்தே தீர்மானமாக இருந்தது. ஐந்தாண்டு முடியும் முன்பே தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் 1993 முதல் சொல்லிக்கொண்டிருக்கிறது. சட்டம் புத்தகத்தில் தூங்கியது. ஸ்தல ஸ்தாபனம் அதிகாரியின் மேஜையில் தூங்கியது.

வெள்ளைக்காரன் காலத்தில் சொத்தும் வரியும் உள்ளவனுக்கே முனிசிபாலிடி ஓட்டு. போராடித்தான் அந்த வேலியை உடைத்தோம். கூலிக்காரனும் துப்புரவுத் தொழிலாளியும் ஓட்டுப் போடும் உரிமை வந்த பிறகு, தேர்தலையே நடத்தாமல் இழுப்பது என்ன நியாயம்? 2022 இல் வந்த மன்றங்களின் ஐந்தாண்டு 2027 தொடக்கத்தில் முடிகிறது. 2016 இன் கதை திரும்பவும் நடக்க நாம் விடமுடியாது.

நாற்காலிக்குச் சண்டை, வரிக்குக் கைதூக்கல்

2022 இல் தேர்தல் முடிந்ததும் நடந்தது என்ன? தேனி அல்லிநகரத்தின் 33 வார்டுகளிலும் மக்கள் ஓட்டுப் போட்டார்கள். மார்ச் 4 அன்று தலைவர் தேர்தல். கூட்டணியில் காங்கிரசுக்கு ஒதுக்கிய நாற்காலியில், அப்போது மாநிலத்தை ஆண்ட தி.மு.க.வைச் சேர்ந்தவரே போட்டியிட்டு உட்கார்ந்தார். அறிக்கை, எதிர் அறிக்கை என்று ஊரே அமளிப்பட்டது. நாற்காலிக்கு இத்தனை மல்லுக்கட்டியவர்கள் நம்மைத் தொடும் விஷயத்தில் எப்படி நடந்துகொண்டார்கள்?

ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் சொத்து வரி உயர்வை சர்க்கார் அறிவித்தது. 600 சதுர அடிக்கு உட்பட்ட குடியிருப்புக்கு 100-க்கு 25; 1,200 வரை 50; 1,800 வரை 75; அதற்கு மேல் 100. ஊர் ஊராகச் சிறப்புக் கூட்டம் கூட்டி இதற்குத் தீர்மானம் போடச் சொன்னார்கள். வரியைத் தீர்மானித்தது கோட்டை. கையைத் தூக்கியது கவுன்சில்!

"சிறிய வீட்டுக்குக் குறைவாகத்தானே உயர்த்தினோம்?" என்பார்கள். பெரிய கட்டடத்துக்கு அதிகம் என்பதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் மில் தொழிலாளிகளில் எத்தனை பேருக்குச் சொந்த வீடு? காம்பவுண்டு வீட்டில் ஒரு அறையும் ஒரு அடுப்படியும் வாடகைக்கு எடுத்திருப்பவர் தலையில் அந்த வரி வாடகையாக இறங்குகிறது. அத்தோடு நின்றதா? ஆண்டுதோறும் 6 சதத்துக்குக் குறையாமல் ஏற்றும் ஏற்பாடும் கூடவே வந்தது. 2024 இல் 6 சதம் ஏற்றவும் செய்தார்கள். ஆண்டுக்கு 6 சதம் வீதம் ஏறிக்கொண்டே போனால் 12 ஆண்டில் வரி இரட்டிப்பாகும். கூலி அப்படி இரட்டிக்கிறதா?

இந்தக் கயிற்றின் நுனி டில்லியில் இருக்கிறது. சொத்து வரியை உயர்த்தினால்தான் மானியம் என்று 15-வது நிதிக்குழு நிபந்தனை போட்டது. மத்திய சர்க்கார் மாநிலத்தை நெருக்குகிறது. மாநில சர்க்கார் நகராட்சியை நெருக்குகிறது. நகராட்சி குடியிருப்பவனை நெருக்குகிறது. கடைசியில் நிற்பவன் யாரை நெருக்குவான்?

பெயர் மாறியது, கூலி மாறவில்லை

துப்புரவுத் தொழிலாளி என்ற பெயரை 2020 இல் தூய்மைப் பணியாளர் என்று மாற்றினார்கள். கொரோனா காலத்தில் காலில் விழுந்து பூப்போட்டார்கள். நல்லது. அவருடைய வேலை நிரந்தரமானதா? 2022 அக்டோபரில் சென்னை நீங்கலாக 20 மாநகராட்சிகளுக்கு வந்த அரசாணை 152, நிரந்தரப் பணியிடங்களைச் சுருக்கி வெளி ஆள் முறைக்கு வழி திறந்தது. அந்தக் காற்று மாநகராட்சியோடு நிற்கவில்லை; சிறு நகராட்சிகளின் அஜெண்டாவிலும் "வெளி முகமை மூலம்" என்ற இரண்டு வார்த்தையாக வந்து உட்கார்ந்துவிட்டது.

அந்த இரண்டு வார்த்தைக்கு என்ன விலை? ஊர் கண் விழிக்கும் முன்பே தெருவைக் கூட்டும் பெண், பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர், பத்தாண்டு வேலை செய்தாலும் யாருடைய வேலைக்காரர் என்று அவருக்கே தெரியாது. கூலி ஏன் குறைகிறது என்று நகராட்சியைக் கேட்டால் "காண்டிராக்டரைக் கேள்" என்கிறார்கள். காண்டிராக்டரைக் கேட்டால் "பில் பாஸாகவில்லை" என்கிறார். காண்டிராக்டர் கூலி தராவிட்டால் வேலை வாங்கிய ஸ்தாபனமே தர வேண்டும் என்பது 1970 ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதிய நியாயம். சட்டங்களைக் கலைத்துக் கட்டினாலும் அந்தப் பொறுப்பிலிருந்து நகராட்சி நழுவ முடியாது.

2025 ஆகஸ்டில் சென்னையில் என்ன நடந்தது? இரண்டு மண்டலங்களின் துப்புரவுப் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து, ரிப்பன் மாளிகை வாசலில் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், 13 நாள் இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. அந்தப் போராட்டத்தின் விதையும் ஒரு மன்றத் தீர்மானம்தான். சென்னையில் இன்று நடப்பது நாளை கம்பத்துக்கும் போடிக்கும் வராது என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்?

கூடைக்காரிக்குத் தெரியாத சட்டம்

சுங்கம் வசூலிக்கும் உரிமையை ஏலம் விடுவதும் சாதாரணப் பொருள்தான். ஏலத்தில் லட்சக்கணக்கில் கேட்டு எடுப்பவர் அந்தப் பணத்தை எங்கிருந்து எடுப்பார்? கொத்துமல்லிக் கட்டும் கத்தரிக்காயும் பரப்பி உட்கார்ந்திருப்பவரிடம் இருந்துதான். சீட்டில் ஒரு தொகை, கையில் வாங்குவது ஒரு தொகை என்றால் கேட்பதற்கு அவருக்கு நாதி இல்லை.

2014 ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டம் என்ன சொல்கிறது? கணக்கெடுத்துச் சான்று கொடுக்காமல் எவரையும் விரட்டக்கூடாது. நகர விற்பனைக் குழு அமைக்க வேண்டும். அதில் 100-க்கு 40 பேருக்குக் குறையாமல் தெரு வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒருவர் பெண். நம்மூர்ச் சந்தையில் கூடை வைத்திருக்கும் சகோதரியிடம் கேளுங்கள்: இப்படி ஒரு குழு இருப்பதாக அவருக்கு எவராவது சொன்னதுண்டா?

எல்லைக் கோடும் விவசாயக் கூலியும்

விவசாயத் தொழிலாளர்களே, "நகராட்சி நமக்குச் சம்பந்தமில்லை" என்று நீங்களும் இருக்க முடியாது. பக்கத்து ஊராட்சியை நகராட்சியோடு சேர்ப்பதும் ஒரு வரித் தீர்மானம்தான். கோடு நகர்ந்த மறுநாள் உங்கள் குடிசை நகரத்தில் இருக்கும். உங்கள் வயிறு எங்கே இருக்கும்? ஊரக வேலை உத்தரவாதம், 2005 ஆம் ஆண்டுச் சட்டமானாலும் 2025 இல் அதன் இடத்தில் வந்த சட்டமானாலும், ஊராட்சிக்குத்தான். நகராட்சி எல்லைக்குள் அது செல்லாது. வேலை போகும், வரி வரும். 2025 தொடக்கத்தில் இணைப்பு அறிவிப்புகள் வந்தபோது தமிழ்நாடெங்கும் கிராம மக்கள் கொதித்தெழுந்ததற்கு இதுவே காரணம். கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தில் நாற்று நடும் கைகளுக்கு இந்தக் கோடு எங்கே விழுகிறது என்று கேட்க உரிமை இல்லையா?

மலைக்கு மேலே பாருங்கள்

"பணமில்லை, ஜனங்கள் கூட்டத்துக்கு வருவதில்லை" என்பது வழக்கமான பதில். நமது பெண்கள் தினமும் வேலைக்குப் போகும் மலைக்கு மேலே, குமுளிக்கு அந்தப் பக்கம் பாருங்கள். கேரளத்தில் 1996 இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியது. திட்டச் செலவில் 100-க்கு 35 முதல் 40 வரை ஸ்தல ஸ்தாபனங்கள் கையில் கொடுத்தார்கள். எதற்குச் செலவிடுவது என்று வார்டு ஜனங்களைக் கூட்டி உட்காரவைத்துக் கேட்டார்கள். அங்கும் குறை உண்டு. ஆனால் பணமும் கேள்வியும் சேர்ந்து வந்தபோது ஜனங்களும் வந்தார்கள்.

நம்மிடம் 2022 இல்தான் பகுதி சபைக்கு விதி வந்தது. அதே ஆண்டு நவம்பர் 1 இல் முதல் சபைகள் கூடின. பகுதிப் பிரதிநிதியை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, நியமிக்கிறார்கள். குறையுள்ள ஆயுதம்தான். ஆயினும் ஆயுதம்! அதைத் துருப்பிடிக்க விடலாமா?

தோழர்களே!

கூட்ட நாளில் மன்றத்தின் பார்வையாளர் வரிசையில் போய் உட்காருங்கள். ஷிப்டு இடித்தால் சங்கத்திலிருந்து இரண்டு பேரை முறை வைத்து அனுப்புங்கள். பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனுப்போட்டுத் தீர்மான நகலையும் ஒப்பந்தத் தொழிலாளரின் கூலிப் பதிவேட்டையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். பகுதி சபைக்குத் தனியாகப் போகாதீர்கள், தெருவாகப் போங்கள்.

நமது கோரிக்கைகள் இவை:

அஜெண்டாவைக் கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொரு வார்டிலும் ஒட்டு!

அவசரச் செலவுக் கணக்கைப் பில்லோடு பகிரங்கப்படுத்து!

பெரிய வரிப் பாக்கிதாரர்களின் பட்டியலை வெளியிடு! வசூலை அங்கே தொடங்கு!

துப்புரவுத் தொழிலாளியை நிரந்தரமாக்கு!

சந்தைச் சுங்க விகிதத்தைப் பலகையில் எழுதி வை! விற்பனைக் குழுவைக் கூட்டு!

கிராம சபையைக் கேட்காமல் எல்லையை நகர்த்தாதே!

2027 இல் தேர்தலை ஒரு நாளும் தள்ளாதே!

குழாயடியில் குடம் வைத்து நிற்கும் பெண்ணுக்கு எந்தத் தீர்மானமும் சாதாரணம் அல்ல. அவரும் நாமும் சேர்ந்து மன்றத்து வாசலில் நிற்கும் நாளில் "ஆல் பாஸ்" என்ற குரல் தொண்டையிலேயே நிற்கும். அந்த நாளை அடுத்த கூட்டத்திலேயே கொண்டுவருவோம்!