இசைக்கும் வேண்டும் பாகப்பிரிவினை

"தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு" என்பர் நம் முன்னோர். வாய்க்கும் வயிற்றுக்கும் பொருந்தும் இவ்வுண்மை செவிக்கும் பொருந்துமன்றோ? ஒரே கணிப்பொறியில் வீட்டார் அனைவரும் பாட்டுக் கேட்கும்போது இதை நாம் மறந்து விடுகிறோம்.

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே மடிக்கணினி. 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்கீழ் என் அண்ணன் பெற்றது. அம்மாவின் சூலமங்கலம் சகோதரிகளும், அப்பாவின் விசுவநாதன்-ராமமூர்த்தியும், எங்கள் குத்துப்பாட்டுகளும் அதில் ஒரே பட்டியலில் குடியிருந்தன. விடியற்காலையில் கந்த சஷ்டி கவசம் முடிந்ததும் குத்துப்பாட்டு முழங்கும். அம்மா காதைப் பொத்திக்கொள்வார், நாங்கள் சிரிப்போம்.

அந்தச் சிரிப்பு ஒருநாள் நின்றது. இடம் போதவில்லை என்று, பெயரில்லாத பாட்டுகளை நான் அழித்தேன். அவற்றுள் ஒன்று, தெருக்கூத்தில் பாடிய என் பாட்டனாரின் குரல்! பழைய கேசட்டைக் கடையில் கொடுத்து அப்பா மாற்றி வைத்திருந்தார். கேசட் நாடாவோ பூஞ்சை பிடித்து என்றோ வீணாகிவிட்டது. அப்பா என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த மௌனம் இன்றும் என்னைச் சுடுகிறது.

இதைத் தவிர்க்கும் வழி எளிது. பாட்டுக் கோப்பு வேறு, பாட்டுப் பட்டியல் வேறு. கோப்புகளைப் பொதுவான ஓரிடத்தில் ஒருமுறை வைத்துவிட்டு, ஆளுக்கொரு பட்டியல் அமைக்கலாம். விண்டோசில் ஆளுக்கொரு கணக்குத் தொடங்கலாம். ஐடியூன்சை 'ஷிப்ட்' விசையை அழுத்தியபடி திறந்தால், எந்த நூலகம் வேண்டும் என்று அதுவே கேட்கும். பட்டியலிலிருந்து நீக்குவது வேறு, வட்டிலிருந்தே அழிப்பது வேறு என்பதை மட்டும் மறக்கலாகாது. நொடிக்கு 128 கிலோபிட் அளவுள்ள எம்பி3 வடிவில் ஐந்து நிமிடப் பாட்டு ஏறத்தாழ 5 மெகாபைட்தான். ஆயிரம் பாட்டுக்கு 5 கிகாபைட். இடமில்லை என்று நான் சொன்னது வெறும் சாக்கு!

"வீட்டுக்குள் பிரிவினை எதற்கு? கூடிக் கேட்பதே இன்பம்" என்று சிலர் கூறலாம். கூடிக் கேட்பதை நான் மறுக்கவில்லை. பிறர் பொருளில் கை வைக்காதிருப்பதே கூடி வாழ்வதற்கு அடிப்படை என்கிறேன்.

நண்பர்களே! உங்கள் வீட்டுப் பெரியவர்களின் குரல் எங்கேனும் பெயரின்றிக் கிடக்கிறதா? இன்றே அதற்குப் பெயர் எழுதுங்கள். பென்டிரைவில் இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள். சினிமாப் பாட்டு போனால் மீண்டும் கிடைக்கும். பாட்டனாரின் குரல் கிடைக்காது.