வலி போச்சு... காயம் போகலை!

"டாக்டர், வலி சுத்தமா இல்லை. அடுத்த வாரம் செலக்‌ஷன். ஆடலாமா?"

முழங்கால் ஜவ்வு அறுந்து ஆபரேஷன் செய்துகொண்ட பிள்ளைகள் மூன்றாவது மாதவாக்கில் என்னிடம் வந்து கேட்கிற கேள்வி இது. கபடி, கால்பந்து, கூடைப்பந்து என்று ஆட்டம் மாறும், கேள்வி மட்டும் மாறாது. ஆபரேஷன் செய்த டாக்டர் ஏற்கெனவே 'கூடாது' என்று சொல்லியிருப்பார். சித்த வைத்தியரிடம் போனால் எண்ணெய் போட்டு சீக்கிரம் சரிபண்ணித் தரமாட்டாரா என்ற நப்பாசையில் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து வருவார்கள். நானும் 'கூடாது' என்றுதான் சொல்வேன். அப்பாவின் முகம் சுருங்கிவிடும்.

ஏ.சி.எல். என்கிற அந்த ஜவ்வு முழுசாக அறுந்துவிட்டால், எண்ணெயோ கட்டோ அதை ஒட்டவைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். அடிபட்டு முழங்கால் வீங்கினால் முதலில் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் யாரையும் உருவிவிடச் சொல்லாதீர்கள். வீக்கம்தான் அதிகமாகும்.

ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள்? பெரும்பாலும் உங்கள் தொடைப் பின்பக்கத்துத் தசைநாண் ஒன்றை எடுத்து, அறுந்த ஜவ்வு இருந்த இடத்தில் பொருத்துகிறார்கள். நாற்று பிடுங்கி நடுகிற மாதிரிதான். நட்ட நாற்று முதலில் வாடும், அப்புறம்தான் வேர் பிடிக்கும். அதேபோல் அந்த நாணுக்குள் புது ரத்த ஓட்டம் போய், அது ஜவ்வாக மாறுவதற்குப் பல மாதம் பிடிக்கும். முதல் இரண்டு மூன்று மாதங்களில், பொருத்திய அன்றைக்கு இருந்ததைவிட அது பலவீனமாகக்கூட இருக்கும். வேடிக்கை என்னவென்றால், சரியாக அந்தச் சமயத்தில்தான் வலி போயிருக்கும், வீக்கம் வற்றியிருக்கும், பையன் மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருப்பான். உடம்பு 'நான் ரெடி' என்று பொய் சொல்கிற நேரம் அது.

2016-ல் வெளியான நார்வே ஆய்வு ஒன்று இதைக் கணக்கோடு சொல்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்பதாவது மாதம் வரை, ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் முழங்காலில் மறுபடி காயம்படுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாம்!

மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட்டை நினைத்துப் பாருங்கள். 2016 ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக்கில் முழங்கால் பிசகி, ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். 2017 மே மாதம் டெல்லியில் ஆசிய சாம்பியன்ஷிப்பில் வெள்ளி, 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம். மெடல்களைத்தான் நாம் கைதட்டிப் பார்த்தோம். நடுவில் போன ஒன்பது மாதத்தை யார் பார்த்தோம்?

எங்கள் மருத்துவத்தில் பத்தியம் என்பார்கள். இந்தக் காயத்துக்கும் பத்தியம் உண்டு. ஆட்டத்தை விலக்க வேண்டும், பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சியைத் தவறாமல் சாப்பாடு மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டும். பொறுமை என்றதும் டி.வி. முன்னால் படுத்திருப்பது என்று நினைத்துவிடுகிறார்கள்! ஆபரேஷனான சில வாரத்திலேயே தொடைத் தசை கண்ணுக்குத் தெரிகிற அளவு இளைத்துப்போகும். அதை மீட்பது சலிப்பான வேலை. முழங்காலை நீட்டி தொடையை இறுக்கிப் பிடி, விடு. காலை நேராகத் தூக்கு, இறக்கு. சலிக்கத்தான் செய்யும். அதற்கு ஒரு யோசனை: தையல்கார டேப் ஒன்று வாங்கி, முட்டிக்கு மேலே ஒரே இடத்தில் பதினைந்து நாளைக்கு ஒருமுறை இரண்டு தொடையையும் அளந்து காலண்டரில் குறித்துவையுங்கள். 'எப்போ ஆடலாம்' என்பதைவிட 'இந்தத் தடவை எத்தனை சென்டிமீட்டர்' என்ற கேள்விக்குப் பதில் சீக்கிரம் கிடைக்கும்.

சாப்பாட்டில் முட்டை, பயறு, உளுந்து தாராளமாக இருக்கட்டும். பிரண்டைத் துவையலும் நல்லதுதான். ஆனால் துவையல் சாப்பிட்டாச்சு என்று பயிற்சியை விட்டுவிடாதீர்கள்.

தூக்கமில்லை, எரிந்து விழுகிறான், நண்பர்கள் வந்தாலும் பேசுவதில்லை என்றால் 'திமிர்' என்று திட்டாதீர்கள். வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

இன்னொரு விஷயம். அடிபட்டது பையனென்றால் சீக்கிரம் அனுப்பப் பார்க்கிறோம். பெண்ணென்றால், "போதும்மா, கால்ல தழும்பு வேற, நாளைக்கு யார் கட்டிப்பான்?" என்று ஆட்டத்துக்கே முழுக்குப் போடச் சொல்கிறோம். இந்த ஜவ்வு அறுவது ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரர்களுக்குத்தான் அதிகம் நடக்கிறது. அந்தப் பெண்ணுக்குப் பயிற்சி செய்ய மனசு எங்கிருந்து வரும், சொல்லுங்கள்? ஒன்பது மாதம் முடியட்டும். அடிபட்ட கால், மற்ற காலின் பலத்தில் 90 சதவீதத்தையாவது தொட்டிருக்கிறதா என்று பிசியோதெரபிஸ்ட் சோதித்துச் சொல்லட்டும். அப்புறம் ஆடுவதா வேண்டாமா என்று அவளையே கேளுங்கள்.